எல்லோரும் அழுத்திய சிவப்பு பட்டன்

நான் ஒரு பையனோடு பைக்கில் சாத்தனூர் அணைக்குப் போனதை எங்கள் மாவட்டத்தில் பாதிப் பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறது. அந்தப் பையன் பெயர்கூட இன்றைக்கு எனக்கு ஞாபகமில்லை. வழி முழுக்க அவன் என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான். தோளைப் பிடிக்காதே, கூசுகிறது என்றான்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் பிளஸ் ஒன். வீடு கீழ்பென்னாத்தூரில், பள்ளிக்கூடம் திருவண்ணாமலையில். வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டில் சின்னதாக ஒரு தொண்டு நிறுவனம் நடந்துகொண்டிருந்தது. அதை நடத்திய மேடம் ஒருநாள் எங்கள் வகுப்புக்கு வந்தார். வயசுப் பிள்ளைகள் ஆபத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கம்ப்யூட்டர் படம் எடுக்கப் போகிறாராம். சும்மா உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை. நடுவில் நின்றுவிடும். இப்போது இந்தப் பெண் என்ன செய்யணும் என்று நம்மைக் கேட்கும். நாம் எந்த பட்டனை அழுத்துகிறோமோ அந்த வழியில் கதை போகும். யார் நடிக்க வருகிறீர்கள் என்று கேட்டார். நான் கையைத் தூக்கிவிட்டேன். எனக்கு எப்போதும் கை முந்தும், புத்தி பிந்தும்.

அப்பா கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சுகாதாரத்தைப் பற்றிய படம் என்று சொன்னேன். கை கழுவுகிற படமா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். சரி, போய் நடி என்றுவிட்டார்.

கதை ரொம்பச் சின்னது. பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணின் பின்னால் ஒருவன் பத்து நாளாகப் பஸ் ஸ்டாண்டில் சுற்றுகிறான். பதினோராவது நாள், சனிக்கிழமை அணைக்குப் போகலாம் வா, சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்கிறான். அங்கே படம் நிற்கும். திரையில் மூன்று பட்டன். சிவப்பை அழுத்தினால் பெண் அவனோடு போவாள். பச்சையை அழுத்தினால் முடியாது என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போவாள். மஞ்சளை அழுத்தினால் வீட்டில் அப்பாவிடம் சொல்வாள்.

சிவப்புக்கு மூன்று நாள் ஷூட்டிங். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிப் பைக்கில் போகிற காட்சியை எடுத்தபோது, ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளோடு குறுக்கே வந்து எங்களுக்குக் கும்பிடு போட்டார். அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அணையில் முதலைப் பண்ணை, பூங்கா, மாங்காய் பத்தை, பின்னணியில் கீபோர்டு வாசிப்பு என்று ஒரே அமர்க்களம். திரும்பும் வழியில் பைக் சறுக்கி விழும். கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் அழ வேண்டும். நன்றாகவே அழுதேன். பச்சைக்கு அரை நாள்தான். தலைமையாசிரியை எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு கொடுப்பார், எல்லாரும் ஒரு நிமிஷம் கை தட்டுவார்கள். அதை யார் பார்ப்பார்கள், சொல்லுங்கள்.

யாரும் பார்க்கவில்லை. மேடம் கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எந்தப் பட்டன் என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் சிவப்பு என்று கத்துமாம். எங்கள் வகுப்பிலும் அதே கதைதான். தப்பு என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அழுத்தினார்கள். அணையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதில் இன்னொரு கோளாறும் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கே கால் மணி நேரம் ஆகும். நான் அணையில் மாங்காயைக் கடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும்போது டாண் என்று பீரியட் மணி அடித்துவிடும். மாவுக்கட்டுக்கு நேரமே இருக்காது.

ஆக, ஊர் பார்த்தது இவ்வளவுதான். வேன் டிரைவர் மகள் ஒருத்தனோடு பைக்கில் போனாள். அணையில் சிரித்தாள். முடிந்தது.

முதலில் வேனில் ஏறுகிறவர்கள் அப்பாவிடம் ஜாடையாகக் கேட்டார்களாம். பொண்ணு நல்லா இருக்குதா, வீட்லதான் இருக்குதா என்று. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, பக்கத்துத் தெரு. அவளுடைய சின்ன மகன் பள்ளிக்கூடத்தில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறான். அத்தைக்கு வெறும் வாயில் அவல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடந்தது நடந்துபோச்சு, என் பெரியவனுக்கு இவளக் கட்டிக்கிறேன், தை மாசம் முடிச்சிடலாம் என்றாள். பெரியவன் நெல் மிஷினில் வேலை பார்த்தான். நல்ல மனுஷன்தான், குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் எனக்குப் பதினாறு வயசு. பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேர வேண்டும் என்று ராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது நடிப்பு என்று தொண்டை கிழியச் சொன்னேன். நடிப்போ நெசமோ, ஊர் அப்படியா பாக்குது என்றார் அப்பா. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். சரி, மூட வேண்டாம். அதற்காக என் புத்தகப்பையை ஏன் மூட வேண்டும்? இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், முழுப் படத்தையும் ஒருமுறை பார், அப்புறம் நீ சொல்கிறபடி கேட்கிறேன் என்றேன். அப்பா வேனை எடுத்தார். நானும் வருவேன் என்று அத்தையும் ஏறிக்கொண்டாள்.

வேங்கிக்காலில் மேடம் அப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, மவுசைக் கையில் கொடுத்தார். ஸ்டியரிங்கையே ஒற்றைக் கையால் திருப்புகிற மனுஷன், அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். படம் நின்று, இந்தப் பெண் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. அப்பா முதலில் சிவப்பைத்தான் அழுத்தினார். பைக் சறுக்கி விழுந்ததும் அத்தை என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தக் கை முறிந்தது, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அப்புறம் பச்சை. அந்த டிபன் பாக்ஸ் வீட்டுக்குத் தந்தார்களா என்றாள் அத்தை. இல்லை.

கடைசியில் மஞ்சள் மிச்சமிருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதுவரை யாருமே அதை அழுத்தியதில்லை என்றார் மேடம். அப்பா அழுத்தினார்.

திரையில் எனக்கு அப்பாவாக நடித்தவர் அந்த ஆபீசில் டைப் அடிப்பவர். பெரிய மீசை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபமே படாமல், நல்லவேளை எங்கிட்ட சொன்னம்மா, நீ பாட்டுக்கு ஸ்கூலுக்குப் போ, மிச்சத்த நான் பாத்துக்கறேன் என்பார். அந்த ஒரு காட்சியைப் பதினோரு தடவை எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்துவிட்டேன். எங்கள் தெருவில் எந்த அப்பா இப்படிப் பேசுவார்? பதினோராவது தடவையிலும் வாயோரத்தில் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. மேடத்துக்குப் பொறுமை போய், போதும் என்று விட்டுவிட்டார்.

அப்பா அந்தக் காட்சியை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். எழுந்து வெளியே போனார்.

திரும்பும்போது திருவண்ணாமலை எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பா இன்ஜினை அணைத்தார். நான் முன் சீட்டில், அத்தை பின்னால். ரயில் வருகிற வழியைக் காணோம்.

"அந்த மீசக்காரர் பேசறப்ப ஏன் சிரிச்ச?" என்று கேட்டார் அப்பா.

"அந்த மாதிரி யாருப்பா பேசுவாங்க?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "நெசமாவே ஒருத்தன் கூப்ட்டிருந்தான்னு வையி. எங்கிட்ட சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா படிப்ப நிறுத்திடுவ. ஒண்ணுமே நடக்காததுக்கே நிறுத்திட்டியே."

அத்தை பின்னாலிருந்து, பாத்தியாடா வாய என்று ஆரம்பித்தாள். நீ சும்மா இரு அக்கா என்றார் அப்பா. அக்காவை அவர் அப்படி அடக்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ரயில் வந்து போனது. கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அப்பா வண்டியை எடுக்கவில்லை.

"நிறுத்த மாட்டேன்," என்றார். "இன்னா இருந்தாலும் சொல்லு."

சொல்வதற்கு எந்தப் பையனும் இல்லை. அதுதான் கஷ்டம். ஆனால் இப்படி ஒரு வாய்ப்பு ஆயுசுக்கும் இன்னொரு தடவை வராது என்று தோன்றியது. அவர் சொன்ன வார்த்தை நிற்கிறதா என்று பார்த்துவிடவும் ஆசை. அதனால் இருந்ததைச் சொன்னேன். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் ஃபெயில். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை நானே போட்டுவிட்டேன், டீச்சரிடம் இன்னும் கொடுக்கவில்லை.

அப்பா வண்டியை எடுத்த வேகத்தில் அத்தை சீட்டிலிருந்து நழுவினாள். கேட்டிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும் திட்டு. அவருக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துபோய் முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்தார். அத்தை தன் தெரு முனையில் இறங்கும்போது, அப்பன் கையெழுத்தையே போடுறவ நாளைக்கு என் கையெழுத்தப் போட்டு வீட்டையும் எழுதிக்குவா, தை மாசக் கல்யாணத்துக்கு ஒண்ணும் அவசரமில்ல தம்பி என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் ரேங்க் கார்டைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கிழிக்கப் போகிறார், கூடவே படிப்பையும் முடிக்கப் போகிறார் என்று சுவரோரமாக நின்றேன். வார்த்தையாவது ஒன்றாவது, இவர் என்ன அந்த மீசைக்காரரா என்று நினைத்துக்கொண்டேன். அவர் நான் போட்ட கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கு எடுத்துட்டுப் போ," என்றார். "டீச்சர் கேட்டா, கீழ இருக்கறதுதான் எங்கப்பாதுன்னு சொல்லு."

மறுநாள் டீச்சர் கேட்டார். சொன்னேன். காலை முழுக்க வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தார். வகுப்புக்கு வெளியேதானே, பள்ளிக்கூடத்துக்கு வெளியே இல்லையே என்று சந்தோஷமாக முட்டி போட்டேன்.