மனுவில் விழுந்த கன்று

திங்கட்கிழமை காலை 6.50. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஐம்பத்து நான்கு கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். நான் போகிற காரியத்தை இரண்டு நிமிட ஃபோனில் முடித்திருக்கலாம். நாமக்கல்லில் சிற்றிதழ் நடத்தும் நண்பர் ஆண்டு மலருக்குக் கதை கேட்டிருந்தார். இனி நான் கதை எழுதுவதாக இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும். ஃபோனில் சொன்னால் பேசியே கரைத்துவிடுவார் என்று நேரில் கிளம்பினேன். நேரில் மட்டும் கரைக்க மாட்டாரா என்பது மல்லூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

இரண்டு கதைத் தொகுப்புகள் போட்டவள் நான். மூன்று வருடமாக எழுத உட்கார்ந்தால் பசியில்லாமல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ஜவுளிக்கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதியதில் ருசி போயிற்றா, வயதா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. எழுதுவதை விட்டுவிட்டதாகச் சொல்லப் போகிறவள் எதற்காகக் கைப்பையில் நோட்டும் பேனாவும் எடுத்து வந்தேன் என்பதும் தெரியவில்லை.

7.55. புதுச்சத்திரத்தில் ஏறிய பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். பெயர் பாவாயி என்று அவளே சொன்னாள். இடதுபக்கம் கொல்லிமலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நான் நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததை அவள் கவனித்திருக்கிறாள்.

"ஏனுங்க்கா, நல்லா எழுதுவீங்களா?"

இத்தனை வருடத்தில் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. "முன்னே எழுதுவேன்" என்றேன்.

"கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்கப் போறனுங்க. அங்க எழுதற ஆளுககிட்ட ஒரே கூட்டம். எனக்கு எழுத வரும், ஆனா மனுவாட்டம் வராதுங்க."

நண்பரிடம் போவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட நல்ல சாக்கு. நாமக்கல் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்துத் திருச்செங்கோடு சாலையிலுள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். குறைகேட்கும் திங்கட்கிழமை என்பதால் வாசலில் திருவிழாக் கூட்டம். எதிரே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

அவள் சொன்னது இதுதான். ஊரிலிருந்து அவர்கள் விவசாயம் பார்க்கும் காட்டுக்குப் போகும் தடத்தில் குழாய் பதிக்கக் குழி வெட்டி, நான்கு மாதமாக மூடவில்லை. இருட்டோடு பால் கேனை மொபெட்டில் வைத்துக்கொண்டு வந்த அவள் கணவர் குழியில் விழுந்து கை முறிந்தது. இப்போது பால் கறப்பது, ஊற்றுவது, காடு எல்லாம் இவள் தலையில்.

'ஐயா, வணக்கம்' என்று தொடங்கினேன். கணவர் விழுந்ததை ஒரு வரியில் எழுதினேன். அடுத்த வரியில் அந்தக் குழிக்குள் ஒரு கன்று விழுந்தது. செவலைக் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அதன் தாய் விடியும்வரை குழியைச் சுற்றிச் சுற்றி வந்து ஈரமண்ணை முகர்ந்தது. பேனா என்னை இழுத்துக்கொண்டு போனது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அடுத்த சொல்லுக்காக நான் காத்திருக்கவில்லை. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஒரு பக்கம் முடிந்ததும் பாவாயிக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் கண்ணைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது யாரூட்டுக் கன்னுங்க்கா?"

நான் தாளைத் திருப்பி வைத்தேன்.

"எங்கூர்ல கன்னு ஒண்ணும் உழுகலீங்களே."

"நானாகத்தான் எழுதிட்டேன்ங்க."

"ஆபீசர் வந்து கன்னு எங்கன்னு கேட்டா நான் எதைக் காட்டறதுங்க? ஒண்ணு பொய்யின்னா எங்கூட்டுக்காரர் கையி ஒடஞ்சதும் பொய்யின்னு போயிருமுங்களே." அவள் குரலில் கோபமில்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது. கண் முன்னால் ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, இல்லாத கன்றுக்கு ஒன்பது வரி, அவள் கணவருக்கு ஒரு வரி. எனக்குத் திரும்பி வந்தது எழுத்தின் சந்தோஷமா, பொய் சொல்கிற சந்தோஷமா? வெட்கப்பட்டேன். வெட்கத்துக்கு அடியில் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்தது, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

வேறு தாளில் மறுபடி எழுதினேன். குழியின் ஆழம், நான்கு மாதம், மொபெட், மாவுக்கட்டு, தினமும் பால் ஊற்றப் போகும் நேரம். அவள் சொன்னது மட்டும். பதினொரு வரியில் முடிந்தது. அதை எழுதும்போது எனக்கு ஒன்றும் புல்லரிக்கவில்லை, ஆனால் கை நின்று நிதானமாக எழுதியது. பாவாயி வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். வாசலில் போலீஸ்காரர் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தீக்குளிக்கக் கொண்டுவந்த மண்ணெண்ணெய் இல்லை என்று மோந்து பார்த்து உள்ளே விட்டார்.

நான் போயிருக்கலாம், போகாமல் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது. "எங்கே இருக்கீங்க?" என்றார். ஒரு வேலை, முடியவில்லை என்றேன். என்ன வேலை என்று அவர் கேட்பதற்குள் ஃபோனை வைத்துவிட்டேன்.

12.10. பாவாயி பதிவுச் சீட்டோடு வெளியே வந்தாள். பதினைந்து நாளில் பார்ப்பதாகச் சொன்னார்களாம். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். நான் காசு எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏறியவள், வண்டி கிளம்பும் நேரத்தில் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏனுங்க்கா, அந்தக் கன்னு அப்பறம் மேல ஏறிருச்சுங்களா?"

"தெரியலைங்க" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

"தெரியலையா? அத உட்டுட்டுப் போயிராதீங்க, பாவம்."

1.30. சேலம் திரும்பும் பேருந்து. நண்பரைப் பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் முட்டை லாரிகள், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவிலும் எட்டு மாதமாக ஒரு குழி திறந்து கிடக்கிறது. தினமும் அதைச் சுற்றித்தான் காய்கறி வாங்கப் போகிறேன். இத்தனை நாளில் அதில் ஒன்றுமே விழவில்லை. அதைப் பற்றி மனுப் போட வேண்டும் என்றும் இதுவரை எனக்குத் தோன்றவில்லை.

நாளைக்கு எங்கள் தெருக் குழிக்கு மனு எழுத வேண்டும், கன்று இல்லாமல். நண்பருக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியாது. ராசிபுரம் பிரிவு தாண்டியபோது நோட்டைத் திறந்தேன். வண்டி குலுங்கியது, எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. சேலத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு நடத்துனர் வந்து, "கடைசி ஸ்டாப்புங்க, இறங்கலையா?" என்றார்.

ஒரு நிமிஷம் இருங்க என்றேன். கன்றின் முன்னங்கால் இரண்டும் அப்போதுதான் குழியின் விளிம்பைத் தொட்டிருந்தன.