கடைசி சைக்கிள்

நேற்று என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போயிருந்தேன். டியூபில் தடவிய சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியதும் கடைக்காரர் கேட்ட எதுவும் காதில் விழவில்லை. ஏதோ ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். போன் அடித்தால், அது ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு 'என்ன விஷயம்?' என்று மெசேஜ் அனுப்பும் ரகம் நான். கல்யாணப் பந்தியில் ஓரத்து இலைக்குக் காத்திருப்பேன். ஒரு பக்கமாவது பேச்சில்லாமல் சாப்பிடலாமே!

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாரம் முழுக்க அம்மாவைத் தவிர யாரிடமும் பேசவில்லை என்று ஒருநாள் உறைத்தது. பயந்துபோய், ஞாயிறு காலைகளில் கடற்கரைச் சாலையிலிருந்து கிளம்பும் ஒரு சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்தேன். அதற்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது. பக்கத்து ஊரான நெரவியில் வயல் வைத்துக்கொண்டு டவுனில் வேலை பார்த்த செல்வம் அண்ணன் முன்னால் போவார். நர்ஸ் ஸ்டெல்லா அக்கா, சைக்கிளுக்காகவே ஞாயிறு பூசைக்குப் பதிலாகச் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விடுகிறவர்.

முதல் நாளே ஸ்டெல்லா அக்கா பேச்சுக் கொடுக்கப் பக்கத்தில் வந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். அவரும் குறைத்தார். நான் இறங்கி, செயினைச் சரிசெய்வதுபோல் நடித்தேன். பாவம், போய்விட்டார். கடைசியாக வருவதைப் போல ஒரு சுகம் உண்டா? எல்லோருடனும் இருக்கிறோம், யாருடனும் இல்லை.

கோட்டுச்சேரித் திருப்பத்தில் எல்லோரும் காலை ஊன்றி நின்றிருந்தார்கள். இளைப்பாறுகிறார்கள் போலிருக்கிறது என்று நானும் சற்றுத் தள்ளி ஒரு வேப்பமர நிழலில் நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று செல்வம் அண்ணன் சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே வேகமாகப் போனார். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

"பின்னாடி யாருமே இல்லீங்களே!"

"அப்ப கடைசி ஆளு யாருங்க?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "வந்தாச்சு!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். அது கேட்காமல் யாரும் பெடலை மிதிக்க மாட்டார்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லத்தான் ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் வந்திருக்கிறார்!

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்போது வீட்டுக்குப் போய்விட்டால் இனி எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டேன் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் ஹேண்டில்பாரை ஊர்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.

"எங்க கெளம்பிட்டீங்கம்மா? நீங்க போயிட்டா கடைசில யாரு வர்றது?" என்றார் செல்வம் அண்ணன், முகத்தைத் துடைத்துக்கொண்டே. குரலில் கோபமே இல்லை.

திருவேட்டக்குடித் திருப்பத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தினேன். ஆட்டுக்குட்டிக் குரல்தான் வந்தது. சாலையோரம் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, "யாரு வந்தாச்சு?" என்றாள். அத்தனை பேரும் சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கடைசி இடம் எனக்கே என்றாகிவிட்டது. திருப்பத்துக்கு ஒரு வார்த்தை. மற்றபடி யாரும் என்னைப் பேசச் சொன்னதில்லை. டீக்கடையில் என் வடையைக் கேட்காமல் பிய்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவர்களை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைக்கூட அவர்களிடம் சொன்னதில்லை.

ஸ்டெல்லா அக்கா மகளோடு பிரான்சுக்குப் போய்விட்டார். செல்வம் அண்ணனுக்கு முழங்கால் வலி. மற்றவர்கள் மாற்றல், கல்யாணம் என்று கலைந்துவிட்டார்கள். வாட்ஸப் குழு மட்டும் இருக்கிறது, காலை வணக்கப் பூக்களோடு.

தனியாகப் போவதுதான் எனக்குப் பிடிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். இப்போது தனியாகத்தான் போகிறேன். சாலை முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. நான் வந்து சேர வேண்டுமென்று எந்தத் திருப்பத்திலும் யாரும் நிற்பதில்லை.