பாலம் தாண்டுவதற்குள் மார்க்

எங்கள் வீட்டில் சினிமாவுக்கு மார்க் போடும் சட்டத்தை இயற்றியவள் நான்தான். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே எனக்கு அவ்வளவு வாய். பத்துக்கு எத்தனை என்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். தியேட்டரில் பார்த்த படம் என்றால், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மார்க் வந்துவிட வேண்டும். தாண்டிவிட்டால் செல்லாது. வீட்டுக்குப் போய் யோசித்துப் போடுவதெல்லாம் மழுப்பல் என்று அப்பாவிடம் சண்டை பிடித்து அந்த விதியைக் கொண்டுவந்தேன்.

அப்பாவுக்குத் துவாக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. நாளெல்லாம் இரும்புச் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசிப் பழகியவர், வீட்டிலும் அதே குரலில்தான் உப்பு கேட்பார். எங்கள் வீட்டில் தினமும் சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லாப் படத்துக்கும் ஏழு போடுவார். பாதிப் படம் தூங்கியிருந்தாலும் ஏழுதான். ஆகவே அவருடைய மார்க்கை நான் சட்டை செய்வதில்லை.

அம்மாதான் நிஜமான விமர்சகர். திருவானைக்காவலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். குழந்தைகள் கிறுக்கிய யானைக்குக்கூட, தும்பிக்கை இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஸ்டார் போடுவாள். தியேட்டரில் பார்த்த படத்துக்குப் பாலத்தின் மேல் எட்டு விரல், ஒன்பது விரல் தாராளமாக நீளும். வீட்டுக்கு வந்து தோசை ஊற்றிக்கொண்டே வில்லன் வசனத்தை அவனைப் போலவே பேசிக் காட்டுவாள். அதே படம் தீபாவளிக்கு டிவியில் வந்தால் நான்கு. அப்பா யாரிடமாவது சொல்லி மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்து, மூன்று பேரும் தலையை ஒட்டிக்கொண்டு செல்போனில் பார்த்தால் ஒன்று.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே படம், ஒரே கதை. திரை மாறினால் மார்க் எப்படி மாறும்?

“தியேட்டர்னா மட்டும் அள்ளி விடுற. செல்லுல பாத்தா ஏம்மா இப்படிக் கஞ்சத்தனம் பண்ற?” என்று கேட்டேன்.

“சின்னதா இருக்குல்லடி. அதுல என்ன தெரியுது” என்று சொல்லிவிட்டு அம்மா வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அதற்கும் ஒரு சட்டம் போட்டேன். ஏசிக்கும் பாப்கார்னுக்கும் மயங்கியிருப்பாள் என்று தியேட்டர் மார்க்கில் இரண்டு கழிவு. விளம்பரத் தொல்லைக்காக டிவிக்கு ஒன்று கூடுதல். கை வலிக்கப் பிடித்துப் பார்ப்பதால் செல்போனுக்கு மூன்று கூடுதல். என்ன கூட்டிக் கழித்தும் அம்மாவின் மார்க் நேராகவில்லை. போதாததற்கு டிவி மார்க் வேறு இறங்கிக்கொண்டே வந்தது. அம்மாவின் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் பலனில்லை.

கடைசியில் அப்பாதான் கண்டுபிடித்தார். “உங்கம்மாவுக்குக் கண்ணு தெரியல பாப்பா. அதான் விஷயம்.”

ஒரு சனிக்கிழமை தில்லைநகரில் கண் டாக்டரிடம் போனோம். சுவரில் இருந்த எழுத்துகளை அம்மா கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். லேசாகப் பவர் இருக்கிறது, போட்டுக்கொண்டால் தலைவலி வராது என்று டாக்டர் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஃப்ரேமை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அம்மா ஒரு வார்த்தை மறுக்காமல் போட்டுக்கொண்டாள்.

போய்க்கொண்டிருந்தது அவளுடைய காது. அம்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. குழந்தைகள் பேசுவது கேட்காத டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? கண்ணாடி போட்ட டீச்சரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால் வெளியிலும் வீட்டிலும் மூச்சு விடவில்லை. நான் பேச ஆரம்பித்தால் கைவேலையை வைத்துவிட்டு என் வாயையே பார்ப்பாள். அம்மாவுக்கு என் மேல் எவ்வளவு ஆசை என்று நான் பூரித்துப் போவேன். அப்பாவின் குரல் எப்படியும் கேட்டுவிடும் என்பதால் அவருக்கும் சந்தேகமே வரவில்லை. சுவர் அதிரும் தியேட்டரில்தான் அவளுக்கு ஒரு படம் முழுதாகக் கிடைத்தது. எல்லாவற்றையும் மறைக்கத் தெரிந்தவளுக்கு மார்க்கில் மட்டும் பொய் போட மனம் வரவில்லை, டீச்சர் அல்லவா. முன்னாலேயே வந்திருந்தால் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாமே என்று பிற்பாடு காது டாக்டர் சொன்னார்.

அந்தப் பொங்கல் லீவில் புதுக் கண்ணாடியோடு அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போனோம். நல்ல கூட்டம். காமெடிக்குத் தியேட்டரே சிரித்து ஓய்ந்த பிறகு, அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சண்டைக் காட்சியில் சத்தம் தாங்காமல் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளையில் தன் சமோசாவையும் என்னிடம் கொடுத்துவிட்டு, “படம் நல்லா இருக்காடி?” என்று கேட்டாள். மார்க் போட வேண்டியவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

“சூப்பர்மா” என்றேன் வாய் நிறைய சமோசாவோடு.

அம்மா தலையாட்டிவிட்டு, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பீக்கர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ் பாலத்தில் ஏறியதும் அப்பா வழக்கம்போல ஏழு என்றார். நான் எட்டு. அம்மா ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தோளைத் தொட்டேன். திரும்பியவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கண்களையும் துடைத்துக்கொண்டாள். தூசி என்று நினைத்தேன். பாலம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்தினேன். அம்மா ஒரே ஒரு விரலை நீட்டினாள்.

“பாத்தியா பாப்பா” என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அப்பா சொன்னார். “கண்ணாடி போட்டதும் படத்தோட லட்சணம் உங்கம்மாவுக்குத் தெளிவாத் தெரிஞ்சிருச்சு.”

எனக்கானால் சந்தோஷம் தாளவில்லை. தியேட்டருக்கும் ஒன்று, செல்போனுக்கும் ஒன்று. இனிமேல் கழிக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். “அம்மாவுக்கு இனிமே எதுல பாத்தாலும் ஒரே மார்க்தாம்ப்பா” என்று பெருமையாகக் கத்திச் சொல்லிவிட்டு, நீட்டியிருந்த அந்த விரலைப் பிடித்து முத்தம் கொடுத்தேன்.