நேராகவே போன கோடு

ஆய்வு விமானத்தில் அவளுக்குக் குழாயக்கா என்று பெயர். பதினாறு வருஷமாகக் குழாயோடும் திருகோடும் மாரடிக்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? விமானத்தின் மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், வெளிக்காற்றை உறிஞ்சி எஃகுப் பெட்டிக்குள் தள்ளும். உள்ளே இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே லேசர் ஒளி ஓடும். காற்றில் அம்மோனியா இருந்தால் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும், திரையில் கோடு ஏறும். இந்தச் சங்கதிக்குத்தான் ஆய்வுக் குழுத் தலைவர் ஏழு வருஷம் படித்துப் பட்டம் வாங்கினார்.

கால் மணிக்கு ஒரு தரம் திருகைச் சிலிண்டர் பக்கம் திருப்பி, அதிலிருந்து சுத்தக் காற்றை விட்டு, கோடு பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு திருகை வெளிக்காற்றுக்கே திருப்பிவிட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வாள்.

வீட்டுக்காரர் தவறிப்போய் இருபது நாள். அவள் அழவில்லை. சாப்பிட்டாள், குளித்தாள், மனசு மட்டும் மரத்துக் கிடந்தது. "இன்னும் ரெண்டு வாரம் லீவு எடும்மா" என்ற தலைவரிடம், "வீட்ல உக்காந்து என்ன சார் பண்றது?" என்று கேட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.

அன்றைக்குக் கீழே உரத் தொழிற்சாலை. கண் எரிகிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று பக்கத்துக் குடியிருப்பு இரண்டு வருஷமாகக் கரடியாய்க் கத்துகிறது. எங்கள் புகையில் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறது நிர்வாகம். பறந்து பார்க்க அனுமதி இந்த ஒரு நாள்தான்.

புகையைக் கடந்தார்கள். கோடு அசையவில்லை. பூஜ்யத்தை ஒட்டி நேராகப் போயிற்று. பார்த்துக்கொண்டே இருக்க அவளுக்கு இதமாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லையே! அந்த ஜனங்க சும்மாவா சொல்லியிருப்பாங்க?" தலைவர் முகம் தொங்கிவிட்டது. "சரி, சுத்தம்னு எழுதிடும்மா."

பேனாவை எடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. திருகு சிலிண்டர் பக்கமே நின்றது. இவ்வளவு நேரமும் லேசர் பார்த்தது சிலிண்டர் காற்றை. வாயை மூடிக்கொண்டால் ஈ காக்கைக்குத் தெரியாது.

"அது வெளிக்காத்து இல்ல சார். திருப்ப மறந்துட்டேன்."

 தலைவர் விமானியிடம் இன்னொரு சுற்று கேட்டார்.

"ஒரே ஒரு சுத்துக்குத்தான் ஃப்யூல் இருக்கு" என்றான் விமானி. "இந்தத் தடவை சொதப்பிடாதீங்க குழாயக்கா!"

திருகைத் திருப்பிவிட்டு இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கோடு விறுவிறுவென்று ஏறித் திரையின் உச்சியை முட்டியது. "மாட்டினான்யா!" என்று தலைவர் தொடையைத் தட்டினார். அவள் பதிவேட்டில் எழுதினாள்: முதல் சுற்று செல்லாது, தவறு என்னுடையது.

"ஏம்மா, பதினாறு வருஷ சர்வீஸ் உனக்கு. கோடு அப்படிச் செத்துக் கிடந்துச்சு, சந்தேகமே வரலியா?"

"வரல சார்" என்றாள். "இருபது நாளா எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கு."