வத்தல் மூட்டைக்குக் கீழே ஒரு உத்தரம்

நான் சிவில் இன்ஜினியரிங் முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பந்தல்குடியில் சித்தப்பா சரக்கு அடைத்து வைக்கும் வத்தல் கிட்டங்கியில் மாடியைத் தாங்கும் இரும்பு உத்தரம் நடுவில் இரண்டு விரல் தொய்ந்துவிட்டது. மேலே நூறு மூட்டை மிளகாய் வத்தல்.

"மூட்டையை வெளிய இறக்கிட்டு, அடியில தகடு வச்சு வெல்டு பண்ணிரலாம் சித்தப்பா" என்றேன், பெரிய இவன் மாதிரி.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைடா. சரக்கு வாசப்படி தாண்டாது."

"அப்ப நாளைக்கு?"

"சனிக்கிழமை எவன்டா புது இரும்பைக் கொண்டாருவான்?"

"ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போயிருவேன்" என்றார் கூட வந்திருந்த வெல்டர் அண்ணன்.

திங்கள்கிழமை வரை உத்தரம் தாங்காது. ஆக, மூட்டை மேலேயே இருக்க, இன்றைக்கே வேலை. தொய்ந்த உத்தரத்தில் அப்படியே தகட்டை ஒட்டினால், ஏற்கெனவே இருக்கிற பாரத்தில் தகடு துளியும் பங்கு வாங்காது. முதலில் உத்தரத்தை நிமிர்த்த வேண்டும். எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் தூத்துக்குடி லாரி நின்றது. டிரைவர் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு வருவதற்குள் தந்துவிடுவதாகச் சொல்லி இரண்டு ஜாக்கி வாங்கி வந்தேன். இரண்டுக்கும் சித்தப்பா சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். ஜாக்கி மேல் கட்டை நிறுத்தி முடுக்கினோம். உத்தரம் முனகிக்கொண்டே நிமிர்ந்தது.

வெல்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைக்கச் சொன்னேன்.

"என்ன தம்பி, கோழி கொத்துற மாதிரி? ஒரே இழுப்பா இழுத்துருவேன்."

"மொத்தமாச் சூடேறுனா இரும்பு இளகிரும்ணே. பாரம் பூரா நம்ம தலையிலதான்."

அதற்குப் பிறகு அவர் கோழியைவிட மெதுவாகக் கொத்தினார். மாடித் தளத்தின் கல் இடுக்கில் இருந்த வத்தல் தூள் வறுபட்டுக் கடைத்தெருவே இருமியது. அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலெல்லாம் சாத்தினார்கள். "நம்ம சரக்கு காரம் அப்படி" என்று சித்தப்பா இருமலுக்கு நடுவே வியாபாரம் பேசினார்.

கடைசி வெல்டும் ஆறி முடிந்தபோது டிரைவர் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஜாக்கியக் குடுங்க. லோடு நிக்கிது."

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமேப்பா" என்றார் சித்தப்பா.

"நல்லாருக்கே கதை!" டிரைவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, எடுத்தா நிக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நிக்கும்" என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

அவர் இரண்டு ஜாக்கியின் கைப்பிடியையும் திருகினார். ஜாக்கி இறங்க, 'டொய்ங்' என்றது உத்தரம். அடுத்த நொடி நான் ரோட்டில் நின்றேன். உள்ளே ஒருவரும் அசையவில்லை. தைரியத்தால் இல்லை, இருமலால்.

"ஏன்டா, கணக்குப் போட்ட நீயே ஓடுனா நாங்க என்ன செய்ய?"

எட்டிப் பார்த்தேன். மயிரிழை இறங்கி அப்படியே நின்றிருந்தது. சித்தப்பா விடவில்லை. உத்தரத்துக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டார்.

"வா, இங்கன உக்காந்து காப்பியக் குடி. பெறகு ஜாக்கியக் குடுத்து அனுப்புவோம்."

டிரைவரும் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சூடான காப்பியை அவ்வளவு வேகமாக நான் குடித்ததே இல்லை.