குமிழி சிஸ்டர்

பெற்றவள் நான். ஆனால் என் மகன் முதன்முதலில் அடங்கியது இன்னொருத்தி குரலுக்கு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அவளைக் குமிழி சிஸ்டர் என்பார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி வீட்டு மாடியில் ஒரே ஓர் அறை. இருபத்திரண்டு வருடமாக அதே வார்டு. முழங்கை வரை கழுவிக் கழுவித் தோல் வெடித்த கைகள். சாப்பாடு நின்றுகொண்டேதான், அதுவும் நாலு வாய். யாரோடு பேசினாலும் ஒரு காது பாட்டில்கள் பக்கம் இருக்கும்.

அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மகன் பத்து வாரம் முந்திக்கொண்டு பிறந்தான். ஒரு கிலோவும் கொஞ்சமும். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு பள்ளமாக உள்ளே போகும். நான் தையல்காரி, அதனால் சிஸ்டர் எனக்குத் துணியை வைத்தே விளக்கினாள். நுரையீரலுக்குள் பொடிப்பொடியாக ஈரப் பைகள். இரண்டு ஈரத் துணி ஒட்டிக்கொண்டால் பிரிக்க எப்படி இழுக்கிறோம்? அப்படித்தான் அந்தப் பைகளும் சுருங்கி ஒட்டப் பார்க்கும். பை சிறுக்கச் சிறுக்க அந்தப் பிடி இன்னும் இறுகும். நிறைமாதக் குழந்தைக்கு உள்ளே சோப்பு மாதிரி ஒரு வழவழப்பு ஊறியிருக்கும், அது பிடியைத் தளர்த்திவிடும். இவனுக்கு அது போதுமான அளவு ஊறவில்லை.

"பலூனை முதல் தடவை ஊதும்போதுதானேம்மா கன்னம் வலிக்கும்? இவனுக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் தடவை மாதிரி," என்றாள்.

டாக்டர் அந்த வழவழப்பை மருந்தாக மூச்சுக்குழாயில் விட்டார். பிறகு மூக்கில் குழாய், ஓயாமல் காற்று. குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கியிருக்கும். அந்த ஆழத்துத் தண்ணீரைத் தள்ளித்தான் காற்று வெளியேற வேண்டும். அந்த அழுத்தத்தில் பைகள் முழுசாக மூடாமல் கொஞ்சம் திறந்தே இருக்கும். பாட்டில் குபுகுபுவென்று கொப்பளித்தால் எல்லாம் சரி. இவன் வாயைத் திறந்து அழுதால் காற்று அந்த வழியாக ஓடிவிடும், கொப்பளிப்பு நின்றுவிடும். சிஸ்டர் எங்கிருந்தாலும் பாய்ந்து வருவாள். தாடைக்கடியில் ஒரு விரலை வைத்து வாயை மூடி, ஏதோ முணுமுணுப்பாள். மறுபடி குபுகுபு. அவன் அடங்கிவிடுவான்.

நான் தொட்டால் சிணுங்குவான். தினம் ஒரு மணி நேரம் தொட அனுமதி, அந்த ஒரு மணி நேரமும் சிணுங்கல்தான். "பெத்தவ பக்கத்துல இருக்கா, பிள்ளை என்னவோ சிஸ்டரைத் தேடுது," என்று அடுத்த கட்டில்காரி வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள். சிஸ்டர் இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை என்று என் வீட்டுக்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இனி அவன் எனக்குத்தான் என்று நினைத்தேன். அவனோ மூன்று நாள் விடாமல் அழுதான். டாக்டரிடம் ஓடினோம், மூச்சு நன்றாக இருக்கிறது, எடையும் ஏறுகிறது, ஒரு குறையும் இல்லை என்றார். அவன் தூங்கட்டும் என்று தையல் மெஷினைக்கூட நிறுத்தி வைத்திருந்தேன். நாலாம் நாள் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளுக்கே போன் செய்தேன்.

"அவனுக்கு நீங்கதான் வேணும்போல, சிஸ்டர்."

டியூட்டி முடிந்ததும் மத்தியானமே வந்துவிட்டாள், முகமெல்லாம் பூரிப்பு. கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு அவனை வாங்கினாள். முணுமுணுத்தாள். அவன் வீல் வீலென்று இன்னும் உரக்க அழுதான்.

சொன்னால் பாவம், என் உள்ளம் குளிர்ந்துபோனது. அவள் தோளில் போட்டுப் பார்த்தாள், தாடையில் விரல் வைத்துப் பார்த்தாள், அரைமணி நேரம் விடவில்லை. அதே விரல், அதே முணுமுணுப்பு. அப்படியென்றால் வேறு எது குறைகிறது என்று எனக்கு யோசனை ஓடியது. அவன் கத்தி மூச்சு வாங்கிய இடைவெளியில் வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்தது.

ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவை விட்டு, அவன் காதோரம் ஊதினேன். குபுகுபு. விக்கினான். கண்ணை அகல விரித்துச் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். பத்தாவது ஊதலில் தூங்கிப்போனான். நான் ஊதுவதை நிறுத்தவில்லை.

அவனைத் தொட்டிலில் கிடத்திவிட்டு சிஸ்டர் என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இருபத்திரண்டு வருஷமா எல்லாம் என் குரலுக்குத்தான் அடங்குதுங்கன்னு இருந்தேன்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்த வெடித்த கையை நீட்டினாள். "ஒரு தடவை நான் ஊதட்டுமாம்மா?"

என் பிள்ளையின் மூச்சைக் காப்பாற்றியவள். நன்றி இல்லாதவள் இல்லை நான். ஆனாலும் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்கவில்லை.