குழாய்க்குள் இருந்தவரைக்கும் அஞ்சு

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் என்று ஒன்று வருமா என்ற சந்தேகம் எனக்குக் கல்யாணமான புதிதிலேயே வந்துவிட்டது. பிரியாணிக்கும் "பரவாயில்ல", மகள் பிறந்தபோதும் "பரவாயில்ல". மனுஷனா மரக்கட்டையா என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

எங்கள் லிங்கராஜபுரம் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் மூளை ஆராய்ச்சி செய்கிறவள். குதூகலம் தரும் மருந்தை ஊசியில் ஏற்றி, குழாய் மாதிரி ஸ்கேன் மிஷினுக்குள் படுக்கவைத்து, பாட்டும் வாசனையும் கொடுத்து, மூளை என்ன செய்கிறது என்று படம் எடுப்பார்களாம். ஆள் வேண்டும் என்றாள். "இவரைக் கூட்டிட்டுப் போம்மா" என்று தள்ளிவிட்டேன். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று நானும் பார்த்துவிட வேண்டாமா?

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளோடு உட்கார்ந்தேன். திரையில் கறுப்பு வெள்ளையில் காலிஃப்ளவர் மாதிரி ஒன்று தெரிந்தது. வண்ணமெல்லாம் பிறகு கணக்குப் போட்டுத்தான் ஏற்றுவார்களாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மருந்து ஏறியது. "அங்கிள், சந்தோஷம் பத்துக்கு எவ்வளவு?" என்று மைக்கில் கேட்டாள்.

"அஞ்சு போட்டுக்கம்மா."

பாட்டுக்கு அஞ்சு. காபி வாசனைக்கும் அஞ்சு.

"எல்லாத்துக்கும் அஞ்சுன்னா நான் என்ன ஆன்ட்டி எழுதறது?" பாவம், அழுதுவிடுவாள் போலிருந்தது.

வெளியே வந்தவர் செருப்பைக்கூட மாட்டவில்லை, முகமெல்லாம் பல். "பாட்டுக்குப் பத்தும்மா. காபிக்கும் பத்து. ஊசி போட்டதும் அப்படியே மிதந்தேன்!"

"அதை உள்ளயே சொல்றதுக்கு என்ன அங்கிள்?"

"உள்ள இருக்கும்போது எப்படிம்மா சொல்றது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மாமனார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அவர் கீழே இறங்கிவிட்டால், ஷிஃப்ட் முடிந்து மேலே வரும்வரை அந்த வீட்டில் யாரும் "நல்லாயிருக்கு" என்று சொல்லமாட்டார்கள். சொல்லிவிட்டால் உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். யார் கேட்டாலும் "பரவாயில்ல". சுரங்கத்தை மூடியும் இவர் வாய் திறக்கவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது துணிந்து கேட்டேன். "நம்ம கல்யாணத்துக்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"

யோசிக்கவே இல்லை. "அஞ்சு."

வெடுக்கென்று திரும்பினேன். "ஏனாம்?"

"இன்னும் ஷிஃப்ட் முடியலையே" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். புழுதி என்று டிரைவர் நினைத்திருப்பார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "என்னம்மா, அப்பா எப்படி இருக்காரு? நீ எப்படி இருக்கே?"

"பரவாயில்ல" என்றேன்.